தட்டு இல்லாத கொக்கி

மில்லில் தராசடியில் சிந்துவதை
யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.
கணக்கு எழுதுகிறவள் நான், எனக்குத் தெரியும்.
பின்னேரம் ஒரு பைக்குள் கூட்டி அள்ளி
சம்மாந்துறைக் கடைத்தெருவால் சைக்கிளில் கொண்டுவருவேன்:
குறுணல், பதர், கொஞ்சம் மண்,
அரைபடாமல் தப்பிய நெல்.

ஆட்டோச் சக்கரத்து மூடி ஒன்று,
மூன்று துளை, மூன்று கம்பி,
முருங்கையில் ஒரு கொக்கி.
நாலாம் நாள் நெல்லுக்குருவிகள் வந்தன,
மார்பில் மீன்செதிள் ஒட்டியது போல,
சண்டை பிடித்துக்கொண்டு,
உமியை என் காயப்போட்ட உடுப்பில் துப்பிக்கொண்டு.

வேலிக்கு அப்பால்
மீராமுகைதீன் போடியாருக்கு இது பிடிக்கவில்லை.
"வட்டைக்குள்ள கதிர் பால்கட்டுது.
நான் கெசட் நாடா கட்டித் துரத்துறன்.
நீ இஞ்ச சோறு போட்டு ஆள் சேக்கிறாய்."
நியாயம்தான்.
அடுத்த நாளும் ஒரு சுண்டு போட்டேன்.

மறுகா ஒரு வெள்ளிக்கிழமை
ஒன்று பறக்காமல் இருந்தது.
உடம்பு ஊதி, கண் பாதி மூடி.
நெல்லை எடுக்கும், உருட்டும்,
விழுங்க ஏலாது,
எச்சிலோடு தட்டிலேயே விழுத்தும்.
அடுத்தது அந்த நெல்லை எடுக்கும்.

இதை என் கண்ணால் பார்த்தேன்.
பார்த்தும் விளங்கவில்லை.
பசி என்று நினைத்து
இன்னும் ஒரு பிடி போட்டேன்.

பதினேழு.
முருங்கையடியில், பூந்தொட்டிக்குப் பின்னால்,
ஒன்று கிணற்றுக் கட்டில்.
மூடை நிறுக்கும் தராசில்
பதினேழையும் சேர்த்து வைத்தாலும்
முள் அசையாது.

போடியாரின் பசுவுக்கு ஊசி போட வந்த
டொக்டர் ரஜிதரன் வேலியால் எட்டிப் பார்த்தார்.
கையுறையோடு ஒன்றின் தொண்டையைத் திறந்தார்.
உள்ளே மஞ்சளாய், தயிராடை மாதிரி.
"நல்ல மனசுதான் ராத்தா,
ஆனா எல்லாத்துக்கும் ஒரே கோப்பை.
கழற்றுங்க. ரெண்டு மூண்டு மாசம்."
மருந்து இல்லையா என்றேன்.
"இதுதான் மருந்து."

வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போட்ட குளோரின்
கொஞ்சம் மிச்சம் இருந்தது.
மூடியை ஊறவைத்து, தும்பால் உரஞ்சி,
வெயிலில் கவிழ்த்தேன்.
கை மூன்று நாள் மணத்தது.

காலையில் வந்தவை கொக்கியைச் சுற்றின.
வயரில் இருந்து ஜன்னலைப் பார்த்தன.
நான் ஜன்னலைச் சாத்தினேன்.
போடுவது எனக்கு லேசாக இருந்தது.
போடாமல் இருக்கத்தான்
யாராவது கையைப் பிடித்திருக்க வேண்டும் போல இருந்தது.

ஒரு கிழமையில் வரவு நின்றது.
நோன்பு வந்தது. பெருநாள் போனது.
வெட்டு மெஷின்கள் வந்து போயின,
மில்லில் இரவும் பகலும் மூடை.
சிந்தியதைக் கோழி வளர்க்கிற பரீனாவுக்குக் கொடுத்தேன்.

போடியார் ஒருநாள் வேலியில் கை வைத்து நின்றார்.
"எங்க புள்ள, உன்ட ஆக்கள்?"
நான் சொல்லவில்லை.
அவரும் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு
மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்.

சிறுபோகம் விதைத்து
வாய்க்கால் ஓரம் புல் கதிர்விட்ட நாளில்
முதலில் சத்தம்தான்,
ஈரக் கண்ணாடியை விரலால் தேய்த்தது போல.
மறுகா எலுமிச்சைக்குள் அசைவு.
வாயில் நீளநீளமாய்ப் புல்.
கூடு கட்டும் அவசரத்தில் இருந்தன.
என்னிடம் வரவில்லை.
ஒன்று மட்டும் கொக்கியில் இருந்து
துருவில் அலகைத் தீட்டியது,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்,
இறைச்சிக்கடைக்காரன் கத்தியைத் தீட்டுவது போல,
பறந்தது.

ஒன்பது. பத்து.
இலைக்குள் இன்னும் எத்தனையோ.

மூடி அலுமாரிக்கு மேலே கவிழ்ந்திருக்கிறது.
நேற்று வளவு துப்புரவாக்க வந்த பெடியனிடம்
வேலியோரப் புல்லை விடு என்றேன்.
விதை முற்றி, ஆளுயரம், பார்க்க அசிங்கம்.
"பாம்பு வரும் ராத்தா."
வரட்டும்.
அதற்கும் நான் தட்டு வைக்கப்போவதில்லை.