ஐந்நூறு சொற்களுக்குள்

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
அனீஷின் கம்ப்யூட்டர் சென்டரில்
என் வாழ்க்கை ஐந்நூற்றுப் பன்னிரண்டு சொல்.
பன்னிரண்டு கூடுதல். படிவம் வாங்கமாட்டேன் என்கிறது.

"கஷ்டம் ஏதாவது வேணும் குட்டி,
இல்லாட்டி யாரு வாசிப்பா?"
எங்கள் கிணற்றை வற்றவைத்தது அவன்தான்.
இந்த வருஷம் குனிந்தே மொள்ளலாம்,
அத்தனை தண்ணீர்.

அப்பா கள்ளு வண்டி ஓட்டுகிறார்.
அதைப் போக்குவரத்துத் துறை என்று மாற்றியது
நான்.
அனீஷ் கேட்கக்கூட இல்லை.

எதை வெட்ட?
சிறுவயது முதலே ஆர்வம்: இருக்கட்டும்,
எல்லோரும் எழுதுவது.
வற்றிய கிணறு: அதற்குத்தான் மார்க்காம்.
விடியுமுன் கேன்களை எண்ணிச் சொல்வேன்,
என் கணக்கு தப்பியதில்லை என்ற வரி
ஆங்கிலத்தில் சரியாகப் பன்னிரண்டு.
வெட்டினேன்.
போய்ச் சேர்ந்தது என்று பச்சையில் வந்தது.
முப்பது ரூபாய்.

மறுநாள் நாலரை மணி.
தோப்பிலிருந்து வந்த கேன்கள்
மூடியோரம் நுரைத்துக்கொண்டிருந்தன.
நாற்பத்தொன்று என்றேன்.
அப்பா டார்ச் அடித்து, விரல் வைத்து,
மறுபடி எண்ணினார்.
நாற்பத்திரண்டு.

"தூக்கமா?"

ஆமாம் என்று
கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.