பதினேழு தொப்பிகள்

ஒழுக்கக் குழுவின் அலுமாரியில்
பதினேழு தொப்பிகள் கிடந்தன.
பறித்தவள் நான்.
மாணவத் தலைவிச் சின்னம் குத்திய கையோடு
எனக்குத் தந்த முதல் வேலை:
சீருடையில் தொப்பி இல்லை. கண்டால் பறி.

தாண்டியடியிலிருந்து சைக்கிளில் வரும் டிலோஜனிடம்
இரண்டு தரம் பறித்தேன்.
இரண்டாவது, உரக்கடையில் இலவசமாய்க் கொடுத்தது,
கொக்குப் படம் போட்டது.

பங்குனி.
இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள்.
திருக்கோவில் கடற்கரை மணல் கொட்டி நிரப்பிய மைதானம்.
மேலே ஒரு வெயில், கீழே ஒரு வெயில்.
போறணை வாசலில் நிற்பது மாதிரி நின்று
இடம் வலம் இடம் என்று
அணிநடை பழகினோம்.

சுகாதாரப் பாடத்துக்கு வந்த வதனப்பிரியா ரீச்சர்
புத்தகத்தைத் திறக்கவில்லை.
கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காட்டினார்.
வார் இருந்த இடத்தில்
பிறந்த அன்றைய தோல்.
"மிச்சமெல்லாம் வெயில் எழுதினது" என்றார்.

பின்வாங்கிலிருந்து ஆரோ,
"அதுக்குத்தானே ரீச்சர் வெள்ளைக் கிறீம் விக்கிறாங்க!"
வகுப்பே சிரித்தது.
கேதாரணி சிரிக்கவில்லை. எழும்பினாள்.
ஆயிரத்து ஐந்நூறு மீற்றரில்
வலயத்தில் இரண்டாமிடம் அவள்.

"வெயிலுக்குள்ள போகாத, கறுத்திருவாய் எண்டு
பெரியம்மா சொன்னா, கடைக்காரி சொன்னா,
பஸ்ஸில பக்கத்தில இருந்த ஆரோ ஒருத்தி சொன்னா.
கறுத்தாலும் காரியமில்லையெண்டு ஓடினன்.
இப்ப நீங்களும்
அதே கதவைத்தான் வேற பேர் சொல்லிச் சாத்துறீங்களா?"

மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.
ரீச்சர் சோக்கட்டியை மேசையில் வைத்தார்.
எடுத்தார். திரும்ப வைத்தார்.
"இல்லகா. நீ ஓடு.
ஓடுற நேரத்த மட்டும் மாத்துவம்."

கறுத்த தோலும் எரியும்,
சிவந்து காட்டிக்கொடுக்காது, அவ்வளவுதான் என்றார்.
கண்ணும் எரியும், ஓரத்தில் சதை வளரும் என்றார்.

எனக்குக் கைகள் சில்லிட்டன.
அப்பாவின் இடது கண்ணில்
மூக்குப் பக்கமிருந்து கருமணியை நோக்கி
ஒரு வெள்ளைத் துண்டு வருகிறது,
வருஷத்துக்கு எள்ளுப்போல.
கரைவலைக்காரனுக்கு உப்புக்காற்றுப் பட்டால்
அப்படித்தான் என்று
நாங்களே ஒரு காரணம் வைத்திருந்தோம்.

கிறீம் ஒரு ரியூப்
அப்பாவின் இரண்டு நாள் பங்கு.
ரீச்சர் அதை எழுதச் சொல்லவில்லை.
கொப்பியில் எழுதியது ஒரே வரி:
உன் நிழல் உன்னைவிடக் குட்டையானால் நிழலுக்குப் போ.

டிலோஜன் மணலில் தடியால் கீறி
அடிக்கு அடி பாதம் வைத்து அளந்தான்.
ஒன்பது பத்துக்கு ஆளும் நிழலும் சரிசமம்.
பிறகு ஒவ்வொரு அடியாகக் குறைந்து,
பன்னிரண்டு தாண்டியதும் கத்தினான்:
"டேய், என்ர நிழல் சப்பாத்துக்குள்ள ஒளிச்சிற்று!"

போட்டியன்று
ஏழரைக்கு என்ற பிரதம விருந்தினர்
ஒன்பதரைக்கு வந்தார்.
பந்தலுக்குள் நின்று, பந்தலுக்கு வெளியே நின்ற எங்களைப் பார்த்து
"நீங்கள்தான் நாளைய சூரியன்கள்" என்றார்.
நாளையைப் பற்றி இன்னும் நாலு பக்கம் கையில் இருந்தது.
ஆறாம் வகுப்புப் பிள்ளையொன்று
கொடியைப் பிடித்தபடியே ஆடியது.

கேதாரணி குனிந்து தன் நிழலைப் பார்த்தாள்.
இடுப்பளவு.
நிமிர்ந்தாள்.
"நீல இல்லம், வலம் திரும்பு!"

ஒருவரும் கலையவில்லை.
ஒரு காலும் பிசகவில்லை.
இடம் வலம் இடம் என்று
முழு இல்லமும் வாகைமரத்தடிக்கு நடந்தது.
பின்னால் சிவப்பு. பின்னால் பச்சை.
இதுவும் நிகழ்ச்சிநிரலில் இருக்கிறதாக்கும் என்று
விருந்தினர் கைதட்டினார்.
வேறு வழியில்லாமல் அதிபரும்.

திங்கட்கிழமை விசாரணை.
கேதாரணிக்குக் கடிதம், பெற்றோரோடு வரச் சொல்லி.
அன்று பின்னேரம்
ஆரிடமும் கேட்காமல் அலுமாரியைத் திறந்தேன்.
பதினாறு தொப்பிகளுக்குச் சொந்தக்காரர் வந்தார்கள்.
கொக்குத் தொப்பியை டிலோஜன் வேண்டாமென்றான்,
"உங்கட அப்பாவுக்குக் குடுங்க அக்கா."

குடுத்தேன்.
அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
வலைக் குவியலுக்கு மேல் வைத்தார்.
மூன்று நாளாய் அங்கேதான் இருக்கிறது.