பாதி எண்ணெய்

பானட்டைத் திறந்தால் ஒரு சீட்டு தொங்கும்.
ஜப்பான் எழுத்து. பிஷ்கெக்கில் எனக்குத் தெரிந்த எவருக்கும் வாசிக்க வராது.
இலக்கங்கள் மட்டும் பொது:
26. அதன் கீழே 98,400.
எந்த அரசனின் இருபத்தாறாம் ஆண்டோ.

இப்போது மீட்டரில் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம்.

நாற்பதாயிரத்துக்கு ஒருமுறை மாற்று என்கிறான்
எண்ணெய் விற்கும் மெடர்பெக்.
தொடவே தொடாதே என்கிறான் மச்சான்.
ஆயுளுக்கும் போதும் என்கிறதாம் கையேடு.
யாருடைய ஆயுளுக்கு?

ஜில்டிஸ் டிப்ஸ்டிக்கை உருவி
வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்தாள்.
மாதுளைச் சாறாய் இருந்திருக்க வேண்டியது
கொதித்துக் கறுத்த தேநீராய்ப் படர்ந்தது.
முகர்ந்தாள். எனக்கும் நீட்டினாள்.
கருகல்.

"தேய்ந்த தூளெல்லாம் இதில்தான் மிதக்குது, குபாத்.
அந்த அழுக்கைப் பிடித்துக்கொண்டுதான் கியரே நிற்குது.
மொத்தமும் கழுவினால் நாளைக்கே வழுக்கலாம்.
விட்டுவைத்தால் தூ-அஷூ ஏற்றத்தில்."

ஏற்றம் என்றால்
பின்னால் ஆறு பேர்,
ஒருத்தி மடியில் கைக்குழந்தை,
ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை.

நான்கு லிட்டர் வடித்தாள், நான்கு ஊற்றினாள்.
மீதி ஐந்து உள்ளேயே.
"ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வா. மறுபடி நான்கு."

இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில்
ஒரு தயக்கம் இருந்தது, விக்கலுக்கு முந்தைய மூச்சுபோல.
இன்றும் இருக்கிறது.
கொஞ்சம் குறைவாக. அல்லது
அப்படிக் கேட்கவே காது விரும்புகிறது.

புதுச் சீட்டு ஒன்றை எங்கள் எழுத்தில் எழுதிக் கட்டினேன்.
பழையதை அவிழ்க்கவில்லை.
இந்த வண்டி அடுத்து எந்த ஊருக்குப் போகுமோ,
அங்கே யாராவது
இலக்கங்களையாவது வாசிப்பார்கள்.