மூன்றாம் பாட்டுக்கு முன்

டொலீடோவில், டார் தெருக் கடைகளை
நகராட்சி ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டிருந்த வருடம்.
மறுவாரம் இடிபடவிருந்த கடையில்
பாதி விலைக்கு வாங்கினேன்.
மூலை நசுங்கிய உறை.
பழுப்புக் கோட்டில் ஆர்வெல்லா கிரீர்,
கேமராவைப் பார்க்காமல்
வாசலில் யாரோ வந்து நிற்பதைப் பார்ப்பவள்போல.

எனக்குப் பத்தொன்பது.
வெர்னெலை இன்னும் மணக்கவில்லை,
அவனைவிட்டு இன்னும் பிரியவுமில்லை.

எல்லோரும் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டைத்தான் சொல்வார்கள்.
கல்யாணங்களில் அதற்குத்தான் ஆடினார்கள், நானும் ஆடினேன்.
நான் சொல்ல வந்தது வேறு.
முதல் பக்கம், மூன்றாம் பாட்டு தொடங்குமுன்
அவள் மூச்சை இழுப்பாள்.
அவ்வளவுதான்.
பியானோ காத்திருக்கும்,
டிரம்ஸ்காரரின் நாற்காலி ஒருமுறை கிறீச்சிடும்,
ஒரு பெண் அந்த அறை முழுவதையும்
தன் நெஞ்சுக்குள் எடுத்துக்கொள்வாள்.

வரிகள் பாதி மறந்துவிட்டன.
ஏதோ மழை, ஏதோ ரயில்,
திரும்பி வா என்றோ, வராதே என்றோ.

விவாகரத்துத் தாளில் கையெழுத்திடுமுன்
அதை இழுத்தேன்.
ஜீப் ஆலையில் முதல் நாள்,
கதவுக்குத் திருகாணி முடுக்கும் வரிசையில்
ஆண்கள் சிரித்தபோது.
தங்கை ஒடெஸாவை அடையாளம் காட்ட
அந்த வெள்ளைத் துணியை விலக்குமுன்
இரண்டு முறை.

ஒருமுறை, மீன் பொரிக்கையில்,
காரணமே இல்லாமல்.

அறுபத்தெட்டாவது பிறந்தநாளுக்கு
மகன் லமான்ட் காரில் போட்டான்.
சுத்தம்செய்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்களாம்.
"கேளும்மா, ஒரு இரைச்சல் இல்ல."
உண்மைதான்.
எண்ணெய் காய்வதுபோன்ற அந்தப் பொரபொரப்பு இல்லை,
நாற்காலி இல்லை.
இரண்டாம் பாட்டு முடிந்தது.
துடைத்த கண்ணாடிபோல் ஓர் அமைதி.
உடனே குரல்,
கதவு திறக்காமலே
கூடத்தில் வந்து நிற்பவள்போல.

கொஞ்சம் பின்னால் போ, என்றேன்.

ஆபர்ன் அவென்யூ சிக்னலில் சிவப்பு.
துடைத்துவைத்த அந்த இடம் வந்ததும்
நான் இழுத்தேன்,
விலா வலிக்கும்வரை.
லமான்ட் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் திரும்பினான்:
"என்னம்மா, நெஞ்சு வலியா?"

அவள் பாடத் தொடங்கியிருந்தாள்.
பச்சை விழுந்துவிட்டது,
பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறார்கள்,
ஓட்டு, என்றேன்.