ஐந்தாம் மாடியின் உப்பு

ட்ரியெஸ்தே நகரத்தில் காற்றுக்குப் பெயர் உண்டு: போரா.
அது மலையிலிருந்து இறங்கும் நாள்களில்
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத்
தெருவோரம் கயிறு கட்டுவார்களாம் முன்பு.
இன்று இந்தத் தெருவில்
கயிற்றை நம்பி இருப்பது நான் மட்டும்.

இடுப்பில் கொக்கி. கையில் கத்தரி.
கூரையிலிருந்து ட்ராகோ கயிறு விட விட
பழைய காப்பீட்டுக் கம்பெனியின் முகப்பில் இறங்குகிறேன்.
இருபது வருஷம் புறாக்கள் மட்டும் குடியிருந்த கட்டடம்.
கல் சிங்கங்களின் பிடரியில் இப்போது பெரணி.
கீழே மீன்கடை, மேலே பல் மருத்துவர்,
மூன்றில் கணக்கர்கள்,
நான்கிலிருந்து குடித்தனங்கள், துணிக்கொடிகள், சண்டைகள்.
பார்க்காதவள் போல் தழை கழிப்பது
எங்கள் தொழில் மரியாதை.
வாய் பிளந்து படுத்திருந்த ஒருவர்
கண்ணால் மட்டும் வணக்கம் சொன்னார்.

ஐந்தாம் மாடி மேப்பிளுக்குத்தான் உடம்பு சரியில்லை.
ஜூனிலேயே இலையோரம் கருகல்.
சொட்டுக்குழாய் ஒழுங்காகச் சொட்டுகிறது.
பூச்சி இல்லை.
ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
கழுத்தில் பைனாகுலரோடு உல்தெரிகோ வஸ்கோத்தோ.
நாற்பது வருஷம் இந்தத் துறைமுகத்துக்குள்
கப்பல்களுக்கு வழிகாட்டி அழைத்துவந்தவர்.
அவர் வீடு வாங்கியபோது மரம் இடுப்பளவு;
இப்போது சன்னல் முழுக்க இலை.
விளிம்பில் ஒரு வாளி,
அதன் வாயில் ஒட்டிக் காய்ந்த கடற்பாசி.
இருவரும் வாளியைப் பார்த்தோம்.
லிஃப்டில் கடலை ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார் மனுஷன்,
வாரத்துக்கு ஒரு வாளியாக.

படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்.
பூச்சி, பூஞ்சை, காற்று, இதர.
காற்று என்று குறித்தேன்.
போரா எத்தனையோ பழி சுமந்தது,
இதையும் சுமக்கும்.

பிறகு, வரைபடம் தொடக்கூடாது என்ற
இரண்டு கிளைகளை வெட்டினேன்.
ஒரு கப்பல் நுழையும் அகலத்தில் ஓட்டை.
அதில் தற்செயலாக
இஸ்தான்புல் சரக்குக் கப்பல் ஒன்றின் மூக்கு.
அவர் பைனாகுலரை உயர்த்தினார்.
நன்றி, கின்றி எதுவும் இல்லை.
"தூங்கிட்டியா நிவெஸ்?" என்றான் மேலிருந்து ட்ராகோ.

மூன்று வாரம் கழித்து
அதே விளிம்பில் அதே வாளி, நிறைய.
விரல் நனைத்துச் சுவைத்தேன்.
நல்ல தண்ணீர்.
அவர் உள்ளே
முதுகைக் காட்டிக்கொண்டு காப்பி போட்டார்.

கருகிய கிளையில் மிளகளவு ஒரு துளிர்.
அது ஓட்டையின் பக்கம்தான் வளைகிறது.
ஆகஸ்டுக்குள் மறுபடி வரவேண்டும்.