நாற்பத்து மூன்று நிமிஷம்

பாலக்கோடு தாண்டியதும் ஒரு கேமரா,
ராயக்கோட்டை முக்கில் இன்னொன்று.
முதல் கம்பத்தில் ராத்திரி இரண்டு பதினொன்று,
அடுத்ததில் மூன்று இருபத்து நாலு.
"தக்காளி லோடுக்கு அரை மணி நேரம் போதும்.
மிச்சம் நாற்பத்து மூணு நிமிஷம்
எங்கடா போச்சு?"
என்றார் ரைட்டர் திருமால்,
திரையை என் பக்கம் திருப்பியபடி.

திரையில் என் குட்டியானை.
மஞ்சள் தகட்டில் டிஎன் இருபத்தொன்பது,
பல் விளக்கினது போலப் பளிச்சென்று.
நம்பரில் சேறு இருந்ததென்று
ஆடியில் ஐந்நூறு கட்டியவன் நான்.
அன்றிலிருந்து
என் முகம் கழுவும் முன்
அதன் முகத்தைக் கழுவுகிறேன்.

ஒரு ராத்திரி இல்லை.
அவர் கீழே உருட்ட உருட்ட
ஆவணியில் எட்டு, புரட்டாசியில் ஒன்பது.
எல்லாச் செவ்வாயும், எல்லா வெள்ளியும்.
எனக்கே தெரியாது
நான் இவ்வளவு ஒழுங்கானவன் என்று.

மாரண்டஅள்ளிப் பக்கம்
டிரான்ஸ்பார்மரைக் கழற்றி
செம்புக் கம்பியை உருவிக்கொண்டு போய்விட்டார்கள்.
ஆறு மோட்டார் ஓடவில்லை.
பயிர் காய்ந்தவன் கோபம் நியாயம்தான்,
கேட்பதிலும் தப்பில்லை.
தொப்பூர் இறக்கத்தில் என் மச்சான் வேடியப்பனை
அடித்துப் போட்டுப் போன கன்டெய்னரை
சேலம் தாண்டுவதற்குள் காட்டிக் கொடுத்ததும்
இதே மாதிரி ஒரு கண்.
அன்று அந்தக் கம்பத்தைக்
கையெடுத்துக் கும்பிட்டேன்.
மறக்கவில்லை.

"ஒண்ணுக்குப் போக நின்னேன் சார்."
"நாற்பத்து மூணு நிமிஷமா?"
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
"தூங்கிட்டேன்."
"செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் தூக்கம் வருமா?"

சொல்லியிருக்கலாம்.
திருட்டு இல்லை, கடத்தல் இல்லை,
யார் குடியும் கெடவில்லை.
வாயைத் திறந்தால் ஒரே ஒரு வரி.
ஆனால் அவர் ரைட்டர், எழுதிக்கொள்வார்.
எழுதிவிட்டால் அது ஸ்டேஷனுடையது.
நாளைக்கு டீக்கடைக்கு வரும்,
நாளன்றைக்கு மண்டிக்கு.

அதனால் உங்களுக்கும் சொல்லப் போவதில்லை.
அங்கே புளியமரம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்,
இல்லை என்றாலும் சரி.
என்ஜினை அணைத்த பிறகு
தக்காளிப் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று
மெல்ல அமர்கிற சத்தம் கேட்கும்.
அவ்வளவுதான் தருவேன்.

நாலாம் நாள் திருடன் கிடைத்தான்,
பென்னாகரத்துப் பழைய இரும்புக் கடையில்.
வந்தது நம்பர் பிளேட்டே இல்லாத பைக்காம்.
"உன் மேல ஒண்ணும் இல்லப்பா, நீ போலாம்"
என்று போனில் சொன்னார்கள்.

அதற்குள் வீட்டுக்கும் ஒரு போன் போயிருந்தது.
'உங்க வீட்டுக்காரரு ராத்திரி
வழியில எங்கம்மா நிக்கிறாரு?'
பவுனு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள்,
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்,
பிறகு என்னை.
கேமராவுக்கு இமை கிடையாது.
இவளுக்கு உண்டு.
இமைக்கவில்லை.

இப்போதெல்லாம் அரை மணியில் கடக்கிறேன்,
சில நாள் இருபத்தெட்டு நிமிஷத்திலேயே.
ஓசூர் மண்டிக்காரருக்குச் சந்தோஷம்,
முதல் ஏலத்துக்கே சரக்கு வந்துவிடுகிறது.
இரண்டு கம்பத்துக்கும் என்மேல் வருத்தமில்லை.
மாரண்டஅள்ளி தாண்டி ஒரு வளைவில் மட்டும்
கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டு எழும்புகிறது.
வண்டி தயங்குகிறது.
பெட்டிகள் அமரலாமா என்று பார்க்கின்றன.
இதற்கு இரண்டு நிமிஷம் ஆகுமா, மூன்றா என்று
நானே கணக்குப் போட்டுவிட்டு
மறுபடி மிதிக்கிறேன்.