எழுபத்தொரு குதிரைகள்

பாடப்புத்தகம் சொல்கிறது:
ஒரு நாணயத்தைச் சுண்டு.
ஏழாம் வகுப்பு ஆ பிரிவில்
இருபத்தாறு பைகளிலும் தேடினேன்.
நாணயம் யாரிடமும் இல்லை.
மங்கோலியாவில் எங்களுக்கு எல்லாம் தாள்காசு,
சுண்டினால் அடுப்புப் பக்கம் பறந்து போகும்.

மூன்று வாரம் நிகழ்தகவைக்
கரும்பலகையில் சுண்டினேன்.
தலை, பூ. தலை, பூ.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
உள்ளே கொட்டாவி
ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்குச்
சளி மாதிரித் தொற்றிக்கொண்டிருந்தது.

நான்காம் வாரம் திங்கட்கிழமை
மேசைகளைச் சுவரோரம் தள்ளச் சொல்லி
ஒரு மாவுப் பை நிறைய
ஆட்டுக் கணுக்கால் எலும்புகளைத் தரையில் கொட்டினேன்.
பண்டிகைக்கு வீட்டில் ஆடுகிற அதே ஷகாய்.
குதிரை, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு,
நாலு பக்கம்.
ஆளுக்கு நூறு எறி. எண்ணு. எழுது.

சத்தம் தாங்காமல்
பக்கத்து வகுப்பு ரஷ்ய ஆசிரியர்
கதவைத் திறந்து முறைத்துவிட்டுச் சாத்தினார்.
மறுபடி திறந்தார்:
"யார் ஜெயிக்கிறது?"

தெமூலனுக்குச் செம்மறி முப்பத்தெட்டு, வெள்ளாடு முப்பத்தொன்பது,
ஒட்டகம் பன்னிரண்டு, குதிரை பதினொன்று.
"ஒல்லிப் பக்கம் நிற்கச் சிரமப்படும், டீச்சர்."
நான் சொல்லாததை அவனே சொன்னான்.
எல்லாருடைய பட்டியலும்
ஏறக்குறைய அப்படித்தான்.

நோமினுக்கு மட்டும்
குதிரை எழுபத்தொன்று.

"அழுகுணி ஆட்டம்!" என்று கத்தினாள் ஹுலான்.
"உனக்கு நாணயமே கிடையாது!"
"யாருக்குமே இல்லையே,
டீச்சர்தான் பை பையாகத் தேடினாரே."

குளிர்காலம் முழுக்கக் கை தூக்காதவள்
எழுந்து பலகைக்கு வந்தாள்.
"முதல் பத்தில் ஏழு குதிரை.
அதிர்ஷ்டக்காரி என்று முதுகில் தட்டினீர்கள்.
இருபதில் பதினான்கு.
அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை.
எத்தனையாவது எறியில்
அதிர்ஷ்டம் திருட்டாகிறது?
இந்தாருங்கள் சுண்ணக்கட்டி.
கோடு போடுங்கள்."

பத்து என்றான் ஒருவன்.
கான்சுல் தன் நோட்டைப் புரட்டி, குரல் தாழ்ந்து,
"எனக்கும் ஒரு பத்தில் ஐந்து குதிரை விழுந்திருக்கிறது.
சத்தியமாக என் எலும்பு சுத்தம்" என்றான்.
அப்படியானால் முப்பது.
இல்லை, ஐம்பது.
அழித்து அழித்துப் பலகை வெளுத்துப் போனது.
கல்லூரியில் படித்த சூத்திரம்
என் நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிக்கொண்டேன்.

அண்ணனின் லாரி பேட்டரியிலிருந்து எடுத்த ஈயமாம்,
துளையிட்டு ஊற்றி, மெழுகால் மூடியிருந்தாள்.
அவளே சொன்னாள், கடைசியில்,
யாரும் கேட்காதபோது.

மதிப்பெண் ஏட்டில்
நோமின் பெயருக்கு எதிரே இன்னும் காலி.
அந்த எலும்பைப் பறிமுதல் செய்து
மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் வரட்டும்.
மாவுப் பையில் அதையும் போட்டு
ஒரு குலுக்குக் குலுக்குவேன்.
எதுவும் சொல்ல மாட்டேன்.